இருநூற்றெண்பது பாகத்துப் பவளம்

தோப்பும்படி ஹார்பரில் அமுதவள்ளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் காதில் விழாது. ‘டாக்டரே’ என்றால் சட்டென்று திரும்புவாள். கேலிக்கு வைத்த பெயர்தான். எட்டு வருஷத்தில் கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. லேலம் விளித்து மீனை ஏலம் விடுகிறவர்கள்கூட, பெட்டிக்குள் அடையாளம் தெரியாத எதையாவது பார்த்தால், “டாக்டரைக் கூப்பிடு, இதென்னன்னு கேட்போம்” என்பார்கள். அப்போது அவள் நடந்துவரும் நடையே வேறாக இருக்கும்.

வயது நாற்பத்துமூன்று. பிறந்தது மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டுக்குப் பின்னால், மிளகுக் கிடங்கின் சுவரை ஒட்டிப் போகும் ஒரு சந்தில். மூட்டை தூக்கத் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த அப்பாவுக்கு மூன்றாவது மகள். படித்தது மலையாளப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்புவரை. தமிழ் எழுத்தை மளிகைப் பொட்டலத் தாள்களில் கூட்டிக்கூட்டிப் படித்துத் தானாகவே பிடித்துக்கொண்டாள். கட்டிக்கொண்டது நாணுவை. பள்ளுருத்தி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன், நல்லவன்.

வேலை கழசல் பிரிப்பது. செம்மீன் என்கிற ஆழக்கடல் இறாலுக்குப் போகும் படகுகள் ஒரு வாரம் பத்து நாள் கழித்து விடிகாலையில் கரைசேரும். விலைபோகும் செம்மீனை அப்போதே பெட்டியில் அடித்துக் கொண்டுபோய்விடுவார்கள். வலையோடு வந்த மற்றதெல்லாம் கழசல். சேற்று நிறத்தில், கொழகொழவென்று, மீன்மாவு ஆலைக்குப் போகிற குவியல். அதிலிருந்து ஆலைக்காரன் வேண்டாமென்று சொல்லும் கல், மண், முள் எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ள எட்டுப் பெண்கள். அவர்களுக்கு மேஸ்திரி அமுதவள்ளி. யார் எந்தக் குவியலில் உட்கார வேண்டும் என்று சொல்வது அவள்தான்.

அந்தக் குவியலில்தான் அவளுடைய டாக்டர் பட்டம் கிடந்தது. எட்டு வருஷத்துக்கு முன் தன்யா என்றொரு மலையாளத்துப் பெண், ஆராய்ச்சி மாணவி, மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு ஹார்பருக்கு வந்தாள். வெயில் எட்டாத ஆழத்தில் இருக்கும் உயிர்களைப் பற்றிப் படிக்கிறாள். கப்பல் ஏறிப்போக அவளுக்கு வழியில்லை. படகில் வருவது எதுவாயிருந்தாலும் தருவீர்களா என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அமுதவள்ளி கையை விட்டு, வயிற்றோரம் முத்துமுத்தாக விளக்கு வைத்த கறுப்பு மீன் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் துப்பட்டாவை மூக்கிலிருந்து எடுத்துவிட்டாள்.

அன்று தொடங்கிச் செவ்வாயும் வெள்ளியும் தன்யா வருவாள். எலிவால் மாதிரி ஒடுங்கிய மீன், உடம்பைவிட வாய் பெரிய மீன், கரைக்கு வரும்போது வயிறு வாய்வழியே பிதுங்கிய மீன். அத்தனையும் அமுதவள்ளி ஐஸ்போட்டு வாளியில் எடுத்து வைப்பாள். தன்யா சொன்னதெல்லாம் அவளுக்கு அப்படியே மனப்பாடம். அங்கே செடி கொடி கிடையாது. மேலே செத்து உதிர்வதெல்லாம் தூசியாக இறங்கி வர, அதைத் தின்றுதான் கீழே ஓர் ஊரே வாழ்கிறது. அது குளிர்ந்த ஊர், அவசரமில்லாத ஊர், விரல் நீளம் வளரப் பல வருஷம் எடுத்துக்கொள்ளும் ஊர். தன்யாவுக்குப் பட்டம் கிடைத்து, எர்ணாகுளத்தில் கடலாராய்ச்சி நிலையமொன்றில் வேலையும் கிடைத்தது. அவள் எழுதிய தடித்த புத்தகத்தின் முதல் பக்கங்களில், நன்றி சொல்லும் இடத்தில், அமுதவள்ளி பெயர் இங்கிலீஷில் இருந்தது. அந்தப் பக்கத்தின் போட்டோ அவள் போனில் இருக்கிறது. கேட்காதவர்களுக்கும் காட்டுவாள்.

ஒரே ஒரு குறை. வாளியை வாங்கும்போதெல்லாம் தன்யா கேட்பாள்: “இது எங்கே கிடைச்சது சேச்சி? எந்த ஆழம்?”

அதற்கு மட்டும் பதில் இருக்காது. படகின் தலைவனை இங்கே ஸ்ராங்கு என்பார்கள். தான் வலையிட்ட இடத்தை ஸ்ராங்கு பெற்ற தாயிடம்கூடச் சொல்லமாட்டான். செம்மீன் கிடைத்த இடம் அவன் சொத்து. அமுதவள்ளிக்குப் படகில் தம்பியோ மச்சானோ யாரும் இல்லை. “தெரியல மோளே” என்று சொல்லும்போது தன்யா பரவாயில்லை என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் முன்கூட்டியே முடிந்துவிடும். அதை அமுதவள்ளி கவனித்து வைத்திருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் மகா வந்து சேர்ந்தாள்.

தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். இருபத்தாறு வயது. புருஷன் பாண்டித்துரை புதிதாக ஒரு படகுக்கு ஸ்ராங்காக வந்திருந்தான். பள்ளுருத்தியில் வாடகை வீடு. மலையாளம் ஒரு சொல் வராது. அமுதவள்ளிதான் குவியலில் உட்காரவைத்து, எந்த முள் குத்தும், எது கடுக்கும் என்று சொல்லிக் கொடுத்தாள். மகா “சரிக்கா, சரிக்கா” என்று கேட்டுக்கொண்டாள். இரண்டு மாசம் இருக்கிற இடம் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தன்யா வந்து, அமுதவள்ளி எடுத்து வைத்த மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகா எழுந்து வந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். உள்ளே ஒரு பிடி சேறு. சேற்றில் வெள்ளையாக, அரிசி மாதிரி, என்னமோ. கூடவே ஒரு நோட்டுத்தாள்.

“என்ன இது?” என்றாள் தன்யா. மகாவுக்குப் புரியவில்லை. தாளைக் காட்டினாள். அதில் வரிவரியாகத் தமிழ்.

“சேச்சி, இதைக் கொஞ்சம் வாயிக்குமோ?”

அமுதவள்ளி கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். தேதி. படகு. ஜி.பி.எஸ். எண்கள் இரண்டு, புள்ளிக்கு அப்புறம் மூன்று இலக்கம்வரை. ஆழம் இருநூற்றுப்பத்து பாகம்; பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், ஆறடி. வலை போட்ட நேரம், எடுத்த நேரம். சேறு பச்சைச் சாம்பல் நிறம், வாடை இல்லை. ஒவ்வொரு வரியையும் அவள் மலையாளத்தில் சொல்லச் சொல்ல, தன்யா கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டிமேல் மெதுவாக உட்கார்ந்தாள். எட்டு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு முதல்தடவையாகப் பதில் கிடைக்கிறது. அந்தப் பதிலை அமுதவள்ளியின் வாயே சொல்லிக்கொண்டிருக்கிறது.

“இதையெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தா?” என்று தமிழில் மகாவைக் கேட்டாள் அமுதவள்ளி.

“நீங்க அன்னிக்குச் சொன்னீங்களேக்கா, மேடத்துக்கு இடம் தெரிஞ்சா நல்லதுன்னு. எங்க வீட்டுக்காரர்கிட்ட கெஞ்சிக் கேட்டு வாங்கினேன்.”

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அமுதவள்ளி அந்த ஒரு பேச்சையே மென்றுகொண்டு போனாள். நான் சொன்னதை வைத்தே என்னைத் தாண்டிவிட்டாள்.

அதற்குப் பின் எல்லாமே கண்ணில் பட்டது. தன்யா மகாவின் பிளாஸ்க்கிலிருந்து சாயா வாங்கிக் குடித்தது. அமுதவள்ளியின் முழங்கால் வலியை விசாரிக்க மறந்தது. மகாவுக்கென்று தனியாக மூடி போட்ட வாளி கொண்டுவந்தது. மகாவின் தாள்கள் தமிழில் இருந்ததால், தன்யா ஓர் ஏற்பாடு செய்தாள்: நனைந்தாலும் கிழியாத சீட்டில், பென்சிலால், மலையாளத்தில் அமுதவள்ளி அதை எடுத்தெழுத வேண்டும். சேகரித்தவர் பெயர், படகு, இடம், ஆழம். எழுதி, நைலான் நூலால் வாளியின் கைப்பிடியில் கட்ட வேண்டும்.

“சேச்சி இல்லேன்னா இது நடக்காது கேட்டோ” என்றாள் தன்யா. மனசாரத்தான் சொன்னாள். ஆனால் ‘சேகரித்தவர்: மகா’ என்று ஒவ்வொரு சீட்டிலும் எழுதும்போது பென்சில் முனை உடைந்தது. வாரத்துக்கு ஒரு பென்சில் சீவித் தீர்ந்தது.

சும்மா இருக்கிறவள் இல்லை அமுதவள்ளி. பிச்சைமணி என்று ஒரு மூத்த ஸ்ராங்கு. பத்துச் சொல் கேட்டால் ஒரு சொல் சொல்கிறவர். அவருக்குக் காந்தாரி மிளகாய் அரைத்துப் போட்டு வறுத்த கொழுவை மீன் என்றால் உயிர் என்று தெரிந்துகொண்டு, அவர் படகு வரும் நாளெல்லாம் ஒரு டப்பா கொண்டுபோனாள். ஐந்தாவது டப்பாவில் அவர் கரைந்தார்.

“இவ்வளவு மெனக்கெட்டு இதை வாங்கி என்ன செய்யப்போற?”

“படிக்கிறவங்களுக்கு வேணும் அண்ணே.”

“படிக்கிறவங்களுக்கு வேணும்னா அவங்க வறுத்துட்டு வரட்டும்” என்றவர், பீடிக்கட்டு அட்டையில் எண்களைக் கிறுக்கிக் கொடுத்தார். நூற்றுத்தொண்ணூறு பாகம். அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அமுதவள்ளி குவியலுக்கு ஓடினாள். அவருடைய கழசலை ஒரு மணிநேரம் துழாவினாள். எலிவால் மீன்கள், இரண்டு விலாங்கு, கால் ஒடிந்த செம்மீன். எட்டு வருஷத்தில் இருநூறு தடவை கொடுத்தவை. இடம் கிடைத்த நாளில் பொருள் கிடைக்கவில்லை.

அதே நாள் அரைமணி கழித்துப் பாண்டித்துரையின் படகு வந்தது. வலை கிழிந்து வந்தது. கீழே எதிலோ மாட்டி அறுந்துபோனதாகப் பேசிக்கொண்டார்கள். கிழிந்த வலைமடியில் சிக்கியிருந்ததை மகா இரண்டு கையாலும் ஏந்தி ஐஸ் ரூமுக்குக் கொண்டுவந்தாள்.

அமுதவள்ளி பார்த்தாள். வெள்ளைப் பவளம். ஒரு முழ உயரக் கிளை, கிளைக்குள் கிளை. கடலோரத்தில் கிடைக்கிற பவளம் மாதிரி இல்லை. வெயிலே காணாத வெளுப்பு. கிளைதோறும் ஐந்து மெல்லிய கைகளும் சுருண்டு இறுகப் பிடித்தபடி செம்மஞ்சள் நட்சத்திர மீன்கள். ஒரு கவட்டையில் நண்டுபோலவும் நண்டு அல்லாததுபோலவும் நீளக்கையுள்ள ஒன்று, இன்னும் அசைந்துகொண்டிருந்தது. நடுவில், நாலு மூலையிலும் கொடிச்சுருள் விட்ட தேன்நிறப் பை ஒன்று கிளையைச் சுற்றிக் கட்டியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே குட்டிச் சுறா வாலை ஆட்டுவது தெரிந்தது.

“அக்கா, இது என்ன ஊர்க்கா இது!” என்றாள் மகா. கண் நிறைந்திருந்தது.

அமுதவள்ளி பவளத்தை வாளியில் வைத்து ஐஸ் தண்ணீர் ஊற்றினாள். மகா கொடுத்த தாளைப் பார்த்துச் சீட்டு எழுதினாள்: மகா, இருநூற்றெண்பது பாகம். பிச்சைமணியின் அட்டையைப் பார்த்து இன்னொரு சீட்டு எழுதினாள்: அமுதவள்ளி, நூற்றுத்தொண்ணூறு பாகம். இரண்டிலும் ஓரெழுத்துப் பிழை இல்லை. மகா கிழிந்த வலையைப் பார்க்கப் புருஷனிடம் போனாள். தன்யாவின் ஸ்கூட்டர் கேட்டுக்குள் வருகிற சத்தம் கேட்டது.

ஒரு சாயா குடித்து முடிக்கிற நேரம்கூட இல்லை. அமுதவள்ளி சீட்டுகளை மாற்றிக் கட்டினாள்.

அவள் நினைத்தது பெயரை மட்டும்தான். இதை அவள் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறாள், தனக்குத்தானேயும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெயர் மாறினால் போதும் என்றுதான் இருந்தது. பெயரோடு இடமும் போகும் என்பது அந்த நிமிஷத்தில் தோன்றவே இல்லை.

தன்யா வாளிக்குள் பார்த்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். சீட்டைத் திருப்பிப் படித்தாள். “அமுதச் சேச்சீ! இது நீங்களா? நூற்றுத்தொண்ணூறு பாகத்திலா? இவ்வளவு மேலேயா? நான் எதிர்பார்த்ததே இல்லையே!” என்று சேறும் செதிலுமாக நின்றவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

தன்யாவின் தோளுக்கு மேலாக அமுதவள்ளி மகாவைப் பார்த்தாள். மகா வாசலில் நின்றிருந்தாள். பவளத்தைப் பார்த்தாள். எலிவால் மீன் கிடந்த மற்ற வாளியில் தொங்கிய சீட்டைப் பார்த்தாள். மலையாளம் படிக்கத் தெரியாது. ஆனால் எண் தெரியும். அமுதவள்ளியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தன்னுடையதல்லாத அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு தன்யாவின் பின்னால் ஸ்கூட்டர்வரை நடந்தாள்.

மூன்று வாரம் அமுதவள்ளி வாழ்ந்தது ஒரு வாழ்வு. மலையாளப் பத்திரிகை ஒன்றின் உள்பக்கத்தில் பவளத்தின் படமும் அவள் படமும் வந்தன. நாணு அதை வெட்டி, பிளாஸ்டிக் உறைபோட்டு, ஆட்டோவில் சவாரி உட்காரும் இடத்துக்கு நேராக ஒட்டினான். இடப்பள்ளி மாலுக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், யாராயிருந்தாலும் அதைப் படிக்காமல் இறங்க முடியாது. “என் வீட்டுக்காரிதான், சாரே” என்பான். “வெயில் படாத இடத்துல வளர்ற பவளம். இவ கண்ணு பாருங்க, இத்தனை பேரு கண்ணுல படாதது இவ கண்ணுல பட்டிருக்கு.”

அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்பாள். இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவன் ‘இவ கண்ணு’ என்று சொல்லும்போது மட்டும் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள். பொறாமை தீரவும் இல்லை. மகா குவியலில் உட்கார்ந்து முன்போலவே தாள் எழுதினாள், முன்போலவே “அக்கா” என்றாள். அந்தப் பொறுமையைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்தது. அவளைத் தள்ளி, ஓரத்தில், ஆலைக்காரன் லாரிப்புகை அடிக்கிற இடத்தில் உட்காரவைத்தாள்.

நாலாவது வாரம் தன்யா வந்தாள். வண்டியை நிறுத்தாமலே கத்தினாள்.

“சேச்சி, கப்பல் கிடைச்சிருச்சு! திங்கட்கிழமை புறப்படுறோம். மூணு நாள். கேமராவைக் கயிற்றில் கட்டி அடிவரைக்கும் இறக்கப்போறோம். உங்க இடத்துல!”

“என் இடத்துலயா?”

“பிச்சைமணி ஸ்ராங்கோட இடம். நூற்றுத்தொண்ணூறு பாகம்.”

“கொஞ்சம் தள்ளி இருந்தா என்ன மோளே? கேமரா சுத்திப் பார்க்காதா?”

“தள்ளின்னா நாலடி தள்ளினாலே தெரியாது சேச்சி. டார்ச் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும்? அந்தப் பவளம் எங்கேயும் வளராது. அடியில கெட்டியான பாறை வேணும், இரை கொண்டுவர்ற நீரோட்டம் வேணும். ஒரு மேடு இருக்கும், அதுல ஒரு காடே இருக்கும். பக்கத்துல வெறும் சேறு.” கொஞ்சம் நிறுத்தினாள். “கிடைச்சா, ‘இங்க வலை இழுக்காதீங்க’ன்னு படகுக்காரங்ககிட்ட கேட்கலாம். கிடைக்கலேன்னா அங்க ஒண்ணுமில்லேன்னு எழுதிடுவாங்க. இந்த மூணு நாளுக்காக ரெண்டு வருஷம் நடந்தேன். அடுத்த தடவை எப்போன்னு எனக்குத் தெரியாது.”

அன்று வியாழன்; வெள்ளிவரை பொறுக்காமல் தன்யா ஓடிவந்திருந்தாள். அமுதவள்ளி மூன்று தடவை கழசலைக் கவனம் இல்லாமல் பிரித்து, ஆலைக்குப் போக வேண்டியதைக் கல்லோடு தள்ளினாள். மத்தியானம் பெண்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, மகா தனியாகப் படித்துறை ஓரம் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும். அமுதவள்ளி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“உனக்குத் தெரியுமா?”

மகா என்ன ஏதென்று கேட்கவில்லை. “தெரியும்க்கா.”

“தெரிஞ்சு ஏன் வாயைத் திறக்கல?”

“திறந்தா எனக்கு நாளைக்குக் குவியல்ல இடம் இருக்குமாக்கா? இப்பவே லாரிப்புகையிலதான் உட்கார்ந்திருக்கேன்.” ஒரு வாய் கப்பையைப் பிசைந்தாள், சாப்பிடவில்லை. “அதுவும் இல்ல. உள்ளதைச் சொல்லுறேன். எனக்கும் உங்களைக் கண்டா வயிறெரியும்.”

“என்னைக் கண்டா? எதுக்கு?”

“நான் கெஞ்சிக் கூத்தாடி இடம் வாங்கி எழுதிட்டு வருவேன். நீங்க அதை வாசிப்பீங்க. மேடம் உங்க வாயைத்தான் பார்ப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் என்னமோ சொல்லிச் சிரிப்பீங்க. எனக்கு ஒண்ணும் விளங்காது. நான் எழுதினதுக்கா சிரிக்கிறாங்க, என்னைப் பார்த்தா சிரிக்கிறாங்கன்னு வீட்டுக்குப் போயும் யோசிப்பேன். சீட்டு மாறினதைப் பார்த்தப்போ, சரி, இந்தப் பொம்பளைக்கு என்மேல பொறாமை, அப்போ நானும் ஒரு ஆளுதான்னு தோணுச்சு. நெசம்மா அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கினேன்க்கா.”

அமுதவள்ளி அவள் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாசமாகத் தன்னை எரித்த தீ எதிர்வீட்டிலும் எரிந்துகொண்டிருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. ஆறுதலாக இருக்க வேண்டும், இல்லை. தன் பொறாமையில்கூட இவள் பங்கு கேட்கிறாளே என்றுதான் முதலில் தோன்றியது.

“கப்பல் தப்பான இடத்துக்குப் போகுது” என்றாள்.

“அது எனக்குத் தெரியாதே” என்றாள் மகா. முகம் மாறிவிட்டது. “பேரு மட்டும்னுல்லா நினைச்சேன்.”

“நானும்தான்.”

மறுநாள் காலையில் அமுதவள்ளி குளித்து, கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டி, மட்டாஞ்சேரி படகுத்துறையில் போட் ஏறினாள். எர்ணாகுளத்தில் இறங்கி ஆராய்ச்சி நிலையத்துக்கு நடந்தாள். மகா கூட வரட்டுமா என்று கேட்டிருந்தாள். வேண்டாமென்று சொல்லிவிட்டாள். மகாவின் முன்னால் தலைகுனிய முடியாது; அதற்கும் காரணம் அதே பொறாமைதான்.

தன்யாவின் அறையில் பவளம் கண்ணாடிச் சாடியில் நின்றது. அடியில் சீட்டு. ‘அமுதவள்ளி.’ அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே, மலையாளத்தில், நடந்ததை நடந்தபடி சொன்னாள். எங்கேயும் தன்னைத் தாங்கிப் பேசவில்லை. பொறாமை என்ற சொல்லைச் சொல்லும்போது மட்டும் தமிழில் சொல்லிவிட்டாள். தன்யாவுக்கு அது புரிந்தது.

தன்யா சாடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“இதுக்கு முன்னாடி?”

“என்ன மோளே?”

“இதுக்கு முன்னாடி எத்தனை தடவை, சேச்சி?”

“இல்ல. சத்தியமா இல்ல. இது ஒண்ணுதான்.”

“அது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? எட்டு வருஷம். உங்க கையிலேர்ந்து வந்த ஒவ்வொரு வாளியையும் நான் இனிமே திரும்பிப் பார்க்கணும். இந்த மீன் இந்தப் படகுதானா, இந்த மாசம்தானான்னு. நீங்க சொன்னா நான் யோசிக்கவே மாட்டேன், அப்படித்தான் இருந்தேன்.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அமுதவள்ளி அழுதிருப்பாள். “திங்கட்கிழமைக்கு முன்னாடி வந்து சொன்னீங்க. அதுக்கு நன்றி. இப்போ போங்க. நான் மகா வீட்டுக்குப் போகணும்.”

அன்று சாயங்காலம் பாண்டித்துரை தன் ஜி.பி.எஸ்ஸைத் திறந்து காட்டினான். வலை அறுத்த இடத்தை ஸ்ராங்கு மறப்பதில்லை. இன்னொரு முறை மாட்டாமலிருக்கச் சிவப்புப் புள்ளி குத்தி வைத்திருந்தான். அது பிச்சைமணியின் இடத்திலிருந்து பதினேழு கிலோமீட்டர் தள்ளி.

அமுதவள்ளி வீட்டில் நாணுவிடம் சொன்னாள். அவன் வாய் ஓயாதவன் அல்லவா, அன்று ஓய்ந்துவிட்டது. எழுந்து வெளியே போய், ஆட்டோவிலிருந்து அந்த வெட்டுத்துண்டை உரித்தெடுத்தான். பசை விட்டுப் போகாமல் இருக்கையின் பின்புறம் வெள்ளையாகத் தங்கியதைச் சுரண்டிக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தான். உள்ளே வந்து, “சாப்பிட்டியா?” என்று கேட்டான். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவன் திட்டியிருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது.

கப்பல் சிவப்புப் புள்ளிக்குப் போனது. இரண்டு நாள் கேமராவில் சேறு, சேறு, சேறு. மூன்றாம் நாள் காலையில் பாறை தெரிந்தது. பாறைமேல் வெள்ளைக் காடு. திரும்பி வந்ததும் தன்யா ஹார்பரில் படகுச் சங்கத்தின் ஹாலில் திரை கட்டி, ஸ்ராங்குகளையும் கழசல் பெண்களையும் கூட்டிவைத்துக் காட்டினாள். அமுதவள்ளியை யாரும் அழைக்கவில்லை, வரக்கூடாதென்றும் சொல்லவில்லை. கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரில் சாய்ந்து நின்றாள்.

தான் எட்டு வருஷம் துண்டு துண்டாக, செத்துப் பிதுங்கிய உருவத்தில் பார்த்தவையெல்லாம் அங்கே உயிரோடு இருந்தன. எலிவால் மீன் தலையைச் சாய்த்து, வாலை அலைத்து, சேற்றை மோந்துகொண்டே போனது. நட்சத்திரங்கள் கிளைமேல் ஏறி, கைகளை வெளியே நீட்டி, மேலிருந்து உதிர்வதைப் பிடித்துக்கொண்டிருந்தன. தேன்நிறப் பைகள் ஒன்றல்ல, முப்பதுக்கு மேல், கிளைகளில் தொட்டில் கட்டினாற்போல. ஓரிடத்தில் காடு நின்றுபோய், உழுத வயல்போல நேராக ஒரு தடம். தடம் முழுக்க ஒடிந்த வெள்ளைத் துண்டுகள். வலை போன பாதை என்று தன்யா சொன்னாள். பாண்டித்துரை தலையைக் குனிந்துகொண்டான்.

கடைசியில் தன்யா, “இந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது மகா” என்று சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். அமுதவள்ளியும் தட்டினாள். கை தட்டியதே தவிர, உள்ளே ஒரு குரல் ‘முதல் மீனை எடுத்துக் கொடுத்தது நான்’ என்று கத்திக்கொண்டேதான் இருந்தது. அந்த இடத்தில் இனி வலை இழுப்பதில்லை என்று பதினொரு ஸ்ராங்குகள் கையெழுத்துப் போட்டார்கள். நாலுபேர் போடாமல் எழுந்து போனார்கள். பிச்சைமணி போட்டார். போட்டுவிட்டு வெளியே வந்து, “உன் கொழுவையால என் பேரும் பேப்பர்ல தப்பா வந்துது” என்றார் அமுதவள்ளியிடம். கோபமா வேடிக்கையா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியாது.

ஆறு மாசம் தன்யா அவளிடமிருந்து வாளி வாங்கவில்லை. ஏழாவது மாசம் வாங்கினாள், மூடியைத் திறந்து, சீட்டையும் பொருளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அவள் கண்முன்னாலேயே. பழைய கட்டிப்பிடிப்பு இல்லை. முழங்கால் எப்படியிருக்கிறது என்று மட்டும் கேட்டாள். அமுதவள்ளி மகாவைப் புகையடிக்கும் இடத்திலிருந்து நடுவுக்கு மாற்றி உட்காரவைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு மலையாளம் சொல்லித் தரவும் தொடங்கினாள். பெருந்தன்மையில்லை. தாங்கள் சிரிக்கிற இடத்தில் அவளும் சிரிக்கட்டும், சந்தேகப்பட்டுத் தொலைய வேண்டாம் என்றுதான்.

இந்த வருஷம் மழை முடிந்ததும் கப்பல் மறுபடி போனது. கிடைப்பதைத் தரம்பிரிக்கக் கை பழகிய ஓர் ஆள் வேண்டுமென்று தன்யா மகாவை அழைத்துப் போனாள். பத்து நாள். ஹார்பர் வாயைத் தாண்டிக் கடலுக்குள் ஒரு முழம்கூடப் போயிராத அமுதவள்ளி, அந்தப் பத்து நாளும் குவியலின் முன்னால் உட்கார்ந்து, இப்போது எங்கே இருப்பாள், இப்போது என்ன பார்ப்பாள் என்று வயிறெரிந்துகொண்டே கல் பொறுக்கினாள்.

பதினோராம் நாள், மகா திரும்பிவந்து படுத்துக்கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டாள். கப்பல் ஆட்டத்தில் ஐந்து நாள் வாந்தி. பச்சைத் தண்ணீர்கூட நிற்கவில்லையாம். அதைக் கேட்டதும் மனசுக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி ஓடியதை அமுதவள்ளி மறைக்கவில்லை. பின்னால் அதைச் சொன்னபோதுகூடச் சிரித்தாள். ஆனால் அன்றே பொடியரிசிக் கஞ்சி வைத்து, பப்படம் சுட்டு, எலுமிச்சை ஊறுகாயும் எடுத்துக்கொண்டு நாணுவின் ஆட்டோவில் பள்ளுருத்திக்குப் போனாள்.

மகா பாயில் சுருண்டு கிடந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. அமுதவள்ளி அவளைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். பாதிக் கிண்ணம் இறங்கும்வரை பொறுத்திருந்தாள். அதற்குமேல் முடியவில்லை.

“சரி, போதும் குடிச்சது” என்றாள். “முதல் நாள்லேர்ந்து சொல்லு. ஒண்ணு விடக்கூடாது.”